காட்டாமணக்குக்குள் ஒரு மரபணுவை வைத்தால் உறைபனியைத் தாங்குமா?

"காட்டாமணக்கு வறட்சியைத் தாங்குகிறது, உறைபனி விழுந்தால் மட்டும் செத்துவிடுகிறது. குளிர் தாங்கும் மரபணு ஒன்றை அதற்குள் வைத்துவிட்டால், மழை குறைந்த, குளிரும் வாட்டுகிற நிலங்களில் டீசல் விளைவிக்கலாமே, ஏன் யாரும் செய்யவில்லை? இதை முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாமா?" என்று தாவர உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மரபணுவைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு கேள்வி. சாகாமல் நிற்கிற செடி ஒன்று கிடைத்துவிட்டால் அது பயிராகிவிடுமா என்பதுதான் அது. ஆகாது என்பது என் பதில். ஏன் ஆகாது, அப்புறம் எதுதான் ஆகும் என்று சொல்கிறேன். நான் பயிர்ப்பெருக்கம் படித்துவிட்டு, அமெரிக்காவின் வடக்குச் சமவெளியில் பதினோரு வருடம் எண்ணெய் வித்துப் பயிர்களோடு மாரடித்தவன். விதைப்பிலிருந்து அறுவடை வரை கைப்பட்ட அனுபவம் உண்டு. எண்ணெய் ஆலைக்குள் போன பிறகு நடப்பது எனக்குப் படித்துத் தெரிந்ததுதான்.

காட்டாமணக்கின் கதையை முதலில் முடித்துவிடுவோம். அதன் விதை எண்ணெயை டீசலாக்கலாம் என்று இந்தியாவில் 2003 வாக்கில் தொடங்கிய ஆர்வம், 2009 உயிரி எரிபொருள் கொள்கையில் "2017க்குள் 20 சதவீதக் கலப்பு" என்ற இலக்காக நின்றது. 2018இல் வந்த அடுத்த கொள்கை பயோடீசலுக்கு வைத்த இலக்கு 5 சதவீதம், அதுவும் 2030க்குள். இடையில் நடந்தது என்னவென்றால், நம் ஊரில் ஆடு கடிக்காது என்று உயிர்வேலிக்கு வைத்த செடி அது. வேலியில் தண்ணீர் கேட்காமல் நிற்கிற செடி, தோட்டத்தில் தண்ணீர் கேட்காமல் காய்க்கவும் செய்யும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். தரிசில் அது உயிரோடு இருந்தது, காய்ப்புதான் இல்லை. பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் நிறுவனத்தோடு 2007இல் இதற்காகக் கூட்டுச் சேர்ந்த பெரிய எண்ணெய் நிறுவனமான பிபி, 2009இலேயே விலகிக்கொண்டது. குளிர் விஷயத்தில் இன்னும் மோசம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி அது. உறைபனியையே பார்க்காத பரம்பரை. போதாததற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிற காட்டாமணக்குச் செடிகளை டிஎன்ஏ அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெரும்பாலும் ஒரு தாய் மக்கள் போல ஒரே மாதிரி இருந்தன. தேர்ந்தெடுக்க வேறுபாடு இல்லாத இடத்தில் பயிர்ப்பெருக்கம் செய்கிறவனுக்கு வேலை இல்லை.

சரி, மரபணுவுக்கு வருவோம். அவர் நினைப்பதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. செடியின் உடம்புக்குள் உறைபனியும் வறட்சியும் ஏறக்குறைய ஒரே அடிதான். குளிரில் முதலில் உறைவது செல்லுக்குள் இருக்கும் நீர் இல்லை, செல்லுக்கு வெளியே, சுவர்களுக்கு இடையில் இருக்கும் நீர். அந்தப் பனிக்கட்டி வளர வளர, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. ஊட்டியில் உறைபனி விழுந்தால் தேயிலை "கருகிவிட்டது" என்கிறார்களே, அந்தச் சொல் அறிவியலாகவும் சரி. அதனால்தான் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஷோ குழு குளிருக்கான ஆணை மரபணுவை (மற்ற மரபணுக்களை விழிக்கச் சொல்வது) தேடிப் போனபோதும், ஜப்பானில் ஷினோசாகி தம்பதியின் குழு வறட்சிக்கான ஆணை மரபணுவைத் தேடிப் போனபோதும், 1990களின் கடைசியில் இருவரும் வந்து சேர்ந்தது ஒரே குடும்பத்தில். முன்னவர்கள் அதை சிபிஎஃப் என்றார்கள், பின்னவர்கள் ட்ரெப் என்றார்கள். அதை எப்போதும் விழித்திருக்கும்படி வைத்த அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடி, குளிருக்குப் பழக்கப்படுத்தாமலேயே உறைபனியைத் தாங்கியது.

ஆனால் அந்தச் செடி குள்ளமாகிவிட்டது. பூப்பதும் தாமதமானது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆபத்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் செடி கையை இறுக்கிக்கொள்ளும், வளர்ச்சிக்குச் செலவழிக்காது. எரிபொருளுக்கு நமக்கு வேண்டியதோ அந்தச் செலவுதான். 1999இல் ஜப்பான் குழு, ஆபத்து வரும்போது மட்டும் மரபணு விழிக்கிற மாதிரி ஒரு முகப்பை (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிஎன்ஏ துண்டு) மாட்டி, குள்ளத்தன்மையைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. தொட்டிச் செடியில். வயலில் இதே வழியில் கடைசி வரை போய்ப் பார்த்தது அமெரிக்காவின் ஆர்பர்ஜென் என்ற மரக்கன்று நிறுவனம். அவர்கள் யூகலிப்டஸ் கலப்பினத்தில் சிபிஎஃப் மரபணுவைக் குளிரில் மட்டும் விழிக்கும் முகப்போடு வைத்து, தென் மாநிலங்களில் வளர்த்தார்கள். அனுமதி விண்ணப்பம் 2011இல் போனது, அரசின் வரைவு ஆய்வறிக்கை 2017இல் வந்தது, வணிகத் தோட்டம் வரவில்லை. அதுகூட நல்ல மழை பெய்கிற, லேசாக உறையும் பகுதிக்கு. ஆக, "ஏன் யாரும் செய்யவில்லை" என்பதற்கு, செய்தார்கள் என்பதுதான் பதில். சில டிகிரி கிடைத்தது. அந்தச் சில டிகிரியால் ஒரு வெப்பமண்டலச் செடி, வடக்குச் சமவெளி மாநிலமான மொன்டானாவுக்குக் குடிபோக முடியாது.

இன்னொன்று, உறைபனி என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர வயலில் அது மூன்று நான்கு வேறு ஆட்கள். நடுக்குளிர்காலத்துக் கடுங்குளிர் ஒன்று. படிப்படியாகக் குளிர்ந்தால் செடி சர்க்கரை சேர்த்து, சவ்வை மாற்றி, தயாராகிவிடும். பிப்ரவரியில் நான்கு நாள் வெயில் அடித்து, வசந்தம் வந்துவிட்டது என்று செடி ஏமாந்து தளர்ந்தபின் திரும்பி வரும் குளிர் இரண்டாவது. இதுதான் அதிகம் கொல்லும். பூவிலும் இளங்காயிலும் விழும் மே மாதத்து ஒற்றை இரவு மூன்றாவது. இதோடு ஈரமண் உறைந்து உப்பி வேரைப் பிடுங்கி வெளியே போடுவதையும் சேர்க்கலாம். வறண்ட பகுதிகளில் வேறு ஒரு கொடுமை உண்டு. அங்கே பனிப்பொழிவும் குறைவு. பனி என்பது செடிக்குக் கம்பளி. பனி மூடிய மண்ணில், மேலே மைனஸ் 25 இருந்தாலும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து பிழைத்துக்கொள்ளும். வறண்ட குளிரில் அந்தப் போர்வை இல்லை, காற்றும் சேர்ந்து உலர்த்தும். ஒரு மரபணு இதில் எந்த ஆளைச் சமாளிக்க வேண்டும் என்று கேட்டாலே ஆராய்ச்சித் திட்டத்தில் பாதி உதிர்ந்துவிடும்.

பயிர்ப்பெருக்கத்தில் இரண்டு வழி இருக்கிறது. நிறைய விளைகிற ஒன்றைப் பிடித்து உறுதியாக்குவது ஒரு வழி. ஏற்கெனவே உறுதியாக இருக்கிற ஒன்றைப் பிடித்து விளைய வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் நல்ல உதாரணம், தழையையே எரிபொருளாக்க வளர்க்கும் ஸ்விட்ச்கிராஸ் என்ற புல்வெளிப் புல். அதில் தெற்கத்தி ரகம் நெடுநெடுவென்று வளரும், வடக்கே கொண்டுபோனால் குளிரில் சாகும். வடக்கத்தி ரகம் சாகாது, குட்டையாகவே நிற்கும். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் அரசு ஆராய்ச்சியாளர்கள் ஓக்லஹோமாவிலிருந்து வந்த கன்லோ என்ற தெற்கத்தி ரகத்தை சம்மர் என்ற வடக்கத்தி ரகத்தோடு சேர்த்து, குளிரில் பிழைத்ததையும் அதிகம் விளைந்ததையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, லிபர்ட்டி என்ற ரகத்தை எடுத்தார்கள். மரபணு வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான். இது நடந்ததற்குக் காரணம் அந்த ஒரே இனத்துக்குள்ளேயே குளிர் தாங்கும் சொந்தக்காரர்கள் இருந்தது. ராட்சத மிஸ்காந்தஸ் புல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. அதன் மண்ணடிக் கிழங்கு மைனஸ் 3.4 டிகிரி அளவிலேயே பாதி செத்துவிடுகிறது என்று ஐரோப்பியச் சோதனை காட்டியது. நட்ட முதல் குளிர்காலத்தைத் தாண்டினால் பரவாயில்லை, தாண்டுவதுதான் கஷ்டம்.

இரண்டாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை. அதன் அழகான உதாரணம் பென்னிகிரெஸ். நம் கடுகின் சொந்தக்காரி. அமெரிக்க விவசாயிக்கு அது நாற்றக்களை. மாடு மேய்ந்தால் பாலிலேயே அந்த வாடை அடிக்கும். இலையுதிர் காலத்தில் முளைத்து, தரையோடு படுத்துக் குளிர்காலத்தைக் கழித்து, ஏப்ரலில் பூத்து, ஜூனுக்குள் விதை கொட்டிவிடும். விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். குளிரை எதிர்க்கும் வேலையை இயற்கை ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டது. மிச்சம் இருந்தது அதைப் பயிருக்குரிய ஒழுக்கத்துக்குக் கொண்டுவருவது. காய் வெடித்துச் சிதறும், விதை உறங்கும், எண்ணெயில் உணவுக்கு ஆகாத எரூசிக் அமிலம், புண்ணாக்கில் கால்நடைக்கு ஆகாத காரப்பொருள், தடித்த கறுப்புத் தோல். மினசோட்டாவில் டேவிட் மார்க்ஸ், இல்லினாயில் ஜான் செட்ப்ரூக், வின் ஃபிப்பன் ஆகியோரின் குழுக்கள் செய்தது சாமர்த்தியமான காரியம். அராபிடாப்சிஸில் எந்த மரபணு கெட்டால் என்ன ஆகும் என்று முப்பது வருடமாக எழுதி வைத்திருந்தார்கள். பென்னிகிரெஸ் அதற்கு நெருங்கிய உறவு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மரபணுக்கள் கெட்டுப்போன செடிகளைத் தேடினார்கள், இல்லாததைத் திருத்தி உண்டாக்கினார்கள். எரூசிக் அமிலம் போயிற்று, தோல் மெலிந்து மஞ்சளாயிற்று, காய் வெடிப்பது குறைந்தது. கோதுமைக்கு ஆயிரக்கணக்கான வருடம் ஆன வேலை இதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடந்தது. இந்தப் பயிரைக் கொண்டுவரும் கவர்கிரெஸ் நிறுவனத்தில் 2022இல் பேயர் பெரும்பங்கு வாங்கியது, பங்கி, செவ்ரான் இரண்டும் அப்போது மற்ற பங்குதாரர்களாக இருந்தன.

பார்த்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அது மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இடையில் விதைக்கிற பயிர். இல்லினாயில் மழைக்குப் பஞ்சமில்லை. உறைபனி தீர்ந்தது, வறட்சி அப்படியே இருக்கிறது.

வறட்சிப் பக்கம் போனால் கேமலினா. இதுவும் கடுகுக் குடும்பம்தான். ஐரோப்பாவில் வெண்கலக் காலத்திலிருந்து விளைவித்து, இருபதாம் நூற்றாண்டில் கைவிட்ட பழைய எண்ணெய் வித்து. மூன்று மாதத்தில் முடிந்துவிடும், குளிர்ந்த மண்ணிலேயே முளைக்கும், இளஞ்செடி உறைபனியில் வதங்கி மறுபடி எழுந்து நிற்கும். குளிர்காலத்தைத் தாண்டும் ரகமும் உண்டு. விமானத்தில் எரித்தும் பார்த்தாயிற்று. 2009 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் பறக்கவிட்ட போயிங் 747இன் உயிரி எரிபொருள் பகுதியில் 84 சதவீதம் கேமலினா எண்ணெய், நம் காட்டாமணக்கு 16க்கும் கீழே. 2010 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையின் போர்விமானம் பாதிக்குப் பாதி கேமலினாக் கலவையில் பறந்தது. இந்த ஆரவாரத்தில் மொன்டானாவில் 2009இல் சுமார் 20,000 ஏக்கர் விதைத்தார்கள். அடுத்த வருடமே அது பாதியானது. செடி தோற்கவில்லை. கோதுமை விலை நன்றாக இருந்தது, கேமலினாவுக்கு நிலையான சந்தை இல்லை, கோதுமைக்கு அடித்த சில களைக்கொல்லிகள் மண்ணில் தங்கி அடுத்து வந்த கேமலினாவைக் கொன்றன. விதையோ கேழ்வரகைவிடப் பொடி, ஆயிரம் விதை சேர்ந்தால் ஒரு கிராம்தான். அறுவடை இயந்திரத்திலும் லாரியிலும் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். நான் ஒட்டியிருக்கிறேன். பெட்டி பெட்டியாகப் போகும்.

விளைச்சல் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மானாவாரியில் ஹெக்டேருக்கு 700லிருந்து 1,100 கிலோ விதை என்று வைப்போம், எண்ணெய் 35லிருந்து 40 சதவீதம். ஹெக்டேருக்கு 300 கிலோ எண்ணெய் சுமாராகக் கிடைக்கும். ஒரு 747 மணிக்குப் பத்து டன்னுக்குக் குறையாமல் குடிக்கும். எண்ணெயை அப்படியே எரிபொருள் என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரப் பறப்புக்கு 30 ஹெக்டேருக்கு மேல். வறண்ட நிலத்தில் எந்தச் செடியை வைத்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது, ஏனென்றால் விளைச்சலை முடிவு செய்வது செடியைவிட மழை. அந்தச் சமவெளியில் ஒரு வருடம் நிலத்தைச் சும்மா போட்டு ஈரம் சேர்த்து அடுத்த வருடம் கோதுமை விதைப்பார்கள். "சும்மா கிடக்கிற வருடத்தில் கேமலினா போடலாமே" என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நிலம் அப்போது சும்மா கிடப்பதில்லை, தண்ணீர் சேமித்துக்கொண்டிருக்கிறது. கேமலினா குடிப்பது அடுத்த வருடக் கோதுமையின் தண்ணீர்.

இனி என் சொந்தச் சறுக்கல் ஒன்று. ஒரு வருடம் குளிர்காலக் கேமலினாவைச் செப்டம்பர் முதல் வாரத்தில் விதைத்தேன். இவ்வளவு பொடி விதையை அரை சென்டிமீட்டருக்குக் கீழே போட முடியாது. அந்த மேல்மண் தூளாகக் காய்ந்து கிடந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் மழை வந்தது. நவம்பரில் தரை உறைந்தபோது என் செடிகள் இரண்டிலைப் பருவத்தில் இருந்தன. அந்தக் குளிர்காலத்தில் பனிப்பொழிவும் சரியாக இல்லை. ஏப்ரலில் போய்ப் பார்த்தால் வயல் மண் நிறம். ஆனால் கோதுமைத் தாளை உயரமாக விட்டு அறுத்திருந்த ஓரத்தில் மட்டும் பச்சைக் கோடுகள். தாள் கொஞ்சம் பனியைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அதே விதை, அதே மரபணு. தாள் உயரத்தில் கைப்பிடி அளவு வித்தியாசம். வறட்சியும் உறைபனியும் வயலில் எங்கே கைகோர்க்கின்றன என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. வறட்சி செடியை நேரடியாகக் கொல்லவில்லை, முளைப்பைத் தள்ளிப்போட்டது. சின்னச் செடியாகக் குளிருக்குள் அனுப்பியது. மீதியை உறைபனி பார்த்துக்கொண்டது.

மரம், கள்ளி பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. வட சீனாவிலும் உள் மங்கோலியாவிலும் வென்குவான்குவோ என்ற சிறுமரம் இருக்கிறது. மைனஸ் 40 வரை தாங்கும், வறட்சியையும் தாங்கும், பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. ஆனால் "ஆயிரம் பூவுக்கு ஒரு காய்" என்று அங்கேயே சொல்கிறார்கள். பெரும்பாலான பூக்கள் ஆண் பூவாகவே உதிரும், தன் மகரந்தத்தில் காய் சரியாகப் பிடிக்காது. மறுபடியும் அதே கதை, நிற்கிறது, காய்க்கவில்லை. கள்ளி வகையில் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஜான் குஷ்மன் குழு சப்பாத்திக்கள்ளியை வயலில் வளர்த்து அளந்தது. 2012இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் 1.43 கோடி டாலர் நிதியில், இரவில் இலைத்துளை திறக்கும் கள்ளியின் ஒளிச்சேர்க்கை முறையையே பாப்லர் மரத்துக்குள் கொண்டுவரும் ஒரு பெருந்திட்டத்தையும் தொடங்கியது. தண்ணீர்ச் சிக்கனத்தில் கள்ளியை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் நன்றாக விளைகிற பெரிய கள்ளி ரகங்கள் நீர் நிரம்பிய உடம்புக்காரர்கள், மைனஸ் 5லிருந்து 10க்குள் வெந்துபோகும். கனடா வரை போய் உறைந்து கிடந்து பிழைக்கிற கள்ளி இனமும் உண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தால், உள்ளே நடப்பது உறுதி, வறட்சியும் உறைபனியும் செல்லுக்கு ஏறக்குறைய ஒரே காயம். தாங்கும் தன்மைக்கு வளர்ச்சியில் விலை கொடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் உறுதி. அந்த விலையை எவ்வளவு குறைக்க முடியும் என்பது திறந்த கேள்வி, இதில் என்னைவிட நம்பிக்கையாக இருக்கிற திறமைசாலிகள் இருக்கிறார்கள். மிகவும் சந்தேகமானது கார்பன் கணக்கு. உணவுப் பயிரின் இடத்தைப் பிடித்தால் வேறெங்கோ காடு அழியும் என்ற விவாதம் 2008இலிருந்து நடக்கிறது. இடைப்பருவத்தில் விளையும் பென்னிகிரெஸ் மாதிரிப் பயிர் அதிலிருந்து தப்பலாம் என்று தோன்றுகிறது, தழைச்சத்து உரம் எவ்வளவு போடுகிறோம் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். எண்ணெய் விலை பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

முனைவர் பட்டத்துக்குக் காட்டாமணக்கை எடுக்க வேண்டாம். கடுகுக் குடும்பத்துக்கு வாருங்கள். கேமலினாவின் மரபணுத்தொகுதி 2014இலேயே வெளியாகிவிட்டது, பூக்கொத்தைப் பாக்டீரியாக் கரைசலில் முக்கி எடுத்தே அதில் மரபணுவை ஏற்றலாம், திசு வளர்ப்போடு போராட வேண்டாம். ஆனால் குளிர் தாங்கும் மரபணுவைத் தேடாதீர்கள், அது அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. விதையைப் பெரிதாக்கப் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், கீழே ஈரம் இருக்கிற இடத்தில் போட்டாலும் முட்டிக்கொண்டு மேலே வரும் அளவுக்கு உணவு சுமக்கிற விதை. அது கிடைத்தால் செப்டம்பரில் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. என் வயலில் அன்று செத்த செடிகளில் பாதியாவது பிழைத்திருக்கும்.